ஒரு ஃபிளைட் ரத்து, ஆறு ஃபிளைட் காத்திருப்பு

2025 ஜூன் 23, திங்கட்கிழமை மாலை. கட்டார் தன் வான்பரப்பை மூடியது. அங்குள்ள அல் உதெய்த் இராணுவத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை அனுப்பிய இரவு அது. மூடியிருந்தது ஆறு மணி நேரம்கூட இல்லை, நள்ளிரவு தாண்டியதும் திறந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் தோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த 90-க்கும் மேற்பட்ட கட்டார் ஏர்வேஸ் விமானங்கள், 20,000-க்கும் அதிகமான பயணிகளோடு சவூதி, துருக்கி, இந்தியா, ஓமான் என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் போய் இறங்கியிருந்தன. இன்னும் 10,000 பேருக்கு மேல் தோஹா விமான நிலையத்துக்குள்ளேயே அடுத்த ஃபிளைட்டுக்காகக் குந்தியிருந்தார்கள்.

இதற்கும் பதுளைப் பக்கத்து மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர், பட்டாவத்தையிலோ கொக்காகலையிலோ ஏதாவது ஒரு லயத்துப் பக்கம் போய்ச் சற்று நேரம் பேசிப் பார்க்கலாம். கொழுந்து பறித்துக் கட்டுபடியாகாத வீடுகளில் இருந்து அம்மாவோ அக்காவோ சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போவது நாற்பது ஆண்டுப் பழக்கம். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரே போகத் தொடங்கியவர்களும் உண்டு. இப்போது பொடியன்மாரும் போகிறார்கள், சாரதியாக, ஹோட்டல் வேலைக்கு, துப்புரவு வேலைக்கு. வளைகுடாவில் வானம் மூடினால் செய்தி தொலைக்காட்சிக்கு வருமுன் இமோவில் வந்துவிடும்: "இன்னைக்கி ஃபிளைட் இல்லையாம் அம்மா, நாளைக்கி அனுப்புவாங்களாம்."

அந்த "நாளைக்கி" என்பது ஏன் பெரும்பாலும் நாளைக்கு நடப்பதில்லை? ஆறு மணி நேரம் மூடிய கதவு ஏன் சில வேளை ஆறு நாளைச் சாப்பிட்டுவிடுகிறது? நிறுவனத்தின் அசட்டை என்று ஏசிவிட்டுப் போகலாம். அசட்டையும் இருக்கும்தான். ஆனால் அசட்டை துளியும் இல்லாத, எல்லோரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிற இடத்திலும் இந்தத் தாமதம் வந்தே தீரும். அது ஒரு கணக்கு.

முதலில் வானத்தின் வேலிகள். 1944 டிசம்பர் 7-ஆம் திகதி சிக்காகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் பிரிவு, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்தில் முழு இறைமை உண்டு என்கிறது. ஆகவே ஒரு நாடு தன் வானத்தைப் பூட்டுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைவிட இன்னொரு பங்கீடும் இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடல் உட்பட உலகத்தின் மொத்த வானமும் விமானத் தகவல் பிராந்தியங்களாகக் கூறு போடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கூறும் ஏதோ ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறுப்பு. நம் கொழும்புப் பிராந்தியம் தீவின் பரப்பைப் போலப் பல மடங்கு, தெற்கே இந்து சமுத்திரத்துக்குள் வெகுதூரம் இறங்கி, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பிராந்தியத்தைப் போய்த் தொடுகிறது. அத்தனை பணம் உள்ள கட்டாருக்கோ 2022 செப்டம்பர் வரை சொந்தமாக ஒரு பிராந்தியம் இல்லை. பக்கத்துப் பஹ்ரேன்தான் அதன் வானத்தைக் கவனித்து வந்தது.

விமானி இந்த வேலிகளை மனதில் வைத்துத்தான் எண்ணெய் ஏற்றுகிறார். போகிற தூரத்துக்கு ஒரு கணக்கு. எதிர்க்காற்று முதலியவற்றுக்குக் கொஞ்சம். போகிற இடத்தில் இறங்க முடியாவிட்டால் வேறொரு விமான நிலையத்துக்குப் போய்ச் சேர ஒரு பங்கு. அங்கேயும் உடனே இடம் கிடைக்காவிட்டால் 1,500 அடி உயரத்தில் அரை மணி நேரம் சுற்ற இன்னொரு பங்கு. இந்தக் கடைசி அரை மணி நேரத்து எண்ணெய் தொடக் கூடாதது. அதைத் தொட வேண்டி வரும் என்று தெரிந்தாலே அவசர நிலை அறிவிக்க வேண்டும். மாற்று நிலையத்தின் பெயர் எழுதாத பயணத் திட்டத்தோடு வளைகுடாப் பக்கம் போகிற விமானத்தைக் காண்பது அபூர்வம். ஆகவே வானம் மூடிய இரவில் பயணிகளுக்கு உயிராபத்து பெரிதாக இல்லை. எங்கோ இறங்கிவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது இறங்கிய பிறகு.

விமானம் தரையில் நின்றால் நிறுவனத்துக்குக் காசு இல்லை. அதனால் ஒரே விமானம் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் டாக்காவில் இருந்து தோஹா வந்தது மத்தியானம் கட்டுநாயக்க வரும், இரவே திரும்பும், மறுநாள் காலை வேறெங்கோ போகும். அது மஸ்கட்டில் போய் மாட்டிக்கொண்டால் ரத்தாவது ஒரு ஃபிளைட் இல்லை, அதன் பின்னால் அன்று வரிசையாகக் கோத்திருந்த எல்லாமே. அடுத்தது ஆட்கள். விமானியும் பணியாளர்களும் ஒரு மூச்சில் வேலை செய்யக்கூடிய நேரத்துக்குச் சட்ட எல்லை உண்டு. சாதாரணமாக 13 மணி நேரத்தை ஒட்டியது. மஸ்கட்டில் ஓடுபாதையோரம் நான்கு மணி நேரம் காத்துக் கிடந்தால் அந்த நேரமும் கணக்கில் சேரும். வானம் திறந்த அறிவிப்பு வரும்போது விமானம் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, பயணிகள் இருக்கிறார்கள், ஓட்டுவதற்குச் சட்டப்படி ஆள் இல்லை. அவர்கள் படுத்து எழும்ப வேண்டும். கோபத்தோடு கவுண்டரில் நிற்கிற பயணிக்கு இது சாக்குப்போக்காகத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற விமானியின் பின்னால் ஏறுவதைவிட இந்தச் சாக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் ஒரு நாளில் சரியாகிவிடும். சரியாகாதது வரிசை.

பசறையில் இருந்து மடுல்சீமைக்கு வருகிற பஸ் ஒன்று பிரேக் டவுன் ஆனால் என்ன நடக்கும்? அடுத்த பஸ்ஸில் மிதிபலகை வரை நெருக்கி ஏறுவோம். முனகிக்கொண்டு வந்து சேர்வோம். விமானத்தில் நின்றுகொண்டு போக முடியாது என்ற ஒரே வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. 200 இருக்கை உள்ள விமானம் ஒன்று, தினமும் ஒரு தடவை பறக்கிறது, வழக்கமாக 170 பேரோடு. அதாவது 85 வீதம் நிரம்பியது. இன்றைய ஃபிளைட் ரத்து. 170 பேர் மிச்சம். நாளைய விமானத்தில் இடம் கொடுங்கள் என்றால், நாளைக்கும் அதற்கென்று டிக்கெட் எடுத்த 170 பேர் இருக்கிறார்களே! காலியாக இருப்பது 30 இருக்கை. நாளைக்கு 30 பேர், நாளன்றைக்கு 30 பேர். 170-ஐ 30-ஆல் பிரித்தால் ஐந்தரைக்கும் மேல். கடைசி ஆள் போக ஆறாவது விமானம் வர வேண்டும்.

இதே விமானம் பாதி மட்டும் நிரம்பிப் பறந்திருந்தால்? 100 பேர் மிச்சம், 100 இருக்கை காலி, மறுநாளே முடிந்தது. 80 வீதம் என்றால் நான்கு நாள். 90 வீதம் என்றால் ஒன்பது. 95 வீதம் என்றால் 190 பேருக்கு 10 இருக்கை, 19 நாள். பயணிகள் 90-இல் இருந்து 95-க்கு ஏறுவது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு சிறிய, சந்தோஷமான ஏற்றம். வரிசையில் நிற்பவருக்கோ காத்திருப்பு இரட்டிப்பு. 100-ஐ நெருங்க நெருங்க விடைக்கு எல்லையே இல்லாமல் போகிறது. பெருநாள் முடிந்தும் டிசம்பர் லீவிலும் வளைகுடா விமானங்கள் எப்படி நிரம்பி வரும் என்பதைக் கட்டுநாயக்கவில் ஆள் கூப்பிடப் போய் நின்றவர்கள் அறிவார்கள்.

இந்தக் கணக்கின் தாய்வீடு டென்மார்க். கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற கணிதவியலாளர், எத்தனை இணைப்புக் கம்பிகள் போட்டால் மக்கள் அளவுக்கு மீறிக் காத்திருக்காமல் பேச முடியும் என்று ஆராய்ந்து 1909-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அதில் தொடங்கியது. அந்தக் கணிதத்தின் மிக எளிய மாதிரியில், தற்செயலாக வந்துபோகிற வாடிக்கையாளர் கூட்டத்தின் சராசரி நீளத்துக்கு ஒரு பின்னம் இருக்கிறது: வேலைப் பளு எத்தனை பங்கோ அதை, மிச்சமிருக்கிற ஓய்வுப் பங்கால் பிரி. 85-ஐ 15-ஆல். 95-ஐ 5-ஆல். நாம் இப்போது விமானத்தில் போட்ட அதே பின்னம்! தொலைபேசி இணைப்பகத்துக்கும் ரத்தான ஃபிளைட்டுக்கும் கணக்கு வேறு, காரணமும் முழுக்க ஒன்றல்ல, ஆனால் இரண்டிலும் விதியைத் தீர்மானிப்பது நிரம்பிய பங்கு இல்லை, காலியாக விட்ட பங்குதான். 2024-இல் உலக விமானங்கள் சராசரியாக 83.5 வீதம் நிரம்பிப் பறந்தன என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கணக்கிட்டது. அதுவரை அப்படி நிரம்பியதே இல்லை. டிக்கெட் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாட்டிக்கொண்டால் மீள முடியாததற்கும் அதுவே காரணம்.

சரி, தோஹாவில் அன்று மாட்டியவர்கள் எத்தனை நாள் கிடந்தார்கள்? இங்கேதான் கதை கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. பெரும்பாலானோர் இரண்டு நாளுக்குள் கிளம்பிவிட்டார்கள். கட்டார் ஏர்வேஸ் ஜூன் 24 அன்று ஒரே நாளில் 390 விமானங்களைக் கிளப்பியது. கைவசம் பெரிய விமானங்கள், ஒரே தளத்தில் குவிந்த ஆட்பலம், ஒரே ஊருக்குத் தினமும் பல தடவை பறக்கிற அட்டவணை. மூடியதும் ஒரு மாலைப்பொழுது மட்டும். கணக்கு பொய்க்கவில்லை. அவர்களிடம் காலி இடமும் கூடுதல் விமானமும் இருந்தன. அவை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2010 ஏப்ரலுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 14, இங்கே சித்திரைப் புத்தாண்டு. அதே நாளில் ஐஸ்லாந்தில், ஐயாஃபியாட்லயோகுட்ல் என்று சொல்லிப் பழகுவதற்குள் நாக்குச் சுளுக்கிவிடுகிற பனி மலையின் கீழிருந்த எரிமலை, பனியைப் பிளந்துகொண்டு சாம்பலை வீசியது. மறுநாள் தொடக்கம் ஆறு நாள் ஐரோப்பாவின் பெரும்பகுதி வானம் மூடிக் கிடந்தது. ஏறக்குறைய 1 லட்சம் விமானங்கள் ரத்து. 1 கோடிப் பேர் ஆங்காங்கே நின்றார்கள். புத்தாண்டுக்கு ஊர் வந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் திரும்ப வேண்டிய நம்மவர்களும் அதில் அகப்பட்டார்கள். கொழும்பில் வெயில் கொளுத்துகிறது, வானம் நீலம், விமானம் மட்டும் இல்லை.

சாம்பலுக்கு ஏன் இவ்வளவு பயம்? அடுப்புச் சாம்பலை நினைத்தால் புரியாது. எரிமலைச் சாம்பல் எரிந்து முடிந்த மிச்சம் இல்லை. உருகிய பாறை வெடித்துச் சிதறி, சடுதியாகக் குளிர்ந்து உறைந்த பாறைத் துகளும் கண்ணாடித் துகளும். பனி உருகிய நீர் குழம்பில் பட்டால் இன்னும் பொடியாகச் சிதறும். ஐஸ்லாந்தில் அதுதான் நடந்தது. இந்தக் கண்ணாடி 1,100 பாகை செல்சியஸை ஒட்டி இளகும். ஜெட் எஞ்ஜினின் எரி அறையோ 1,400 பாகையையும் தாண்டிக் கொதிக்கும். உள்ளே இழுக்கப்பட்ட துகள் அங்கே உருகுகிறது. பின்னால் உள்ள விசையாழியின் வழிகாட்டித் தகடுகள் கொஞ்சம் குளிர்ச்சியானவை, அவற்றில் போய்ப் பட்டு மறுபடி உறைகிறது. காற்றுப் போகும் வாய் சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்னால் அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் காற்று எதிர்த் திசையில் விக்கி, எஞ்ஜின் அணைந்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1982 ஜூன் 24 இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 9-ஆம் இலக்க விமானம், ஒரு போயிங் 747, கோலாலம்பூரில் இருந்து பேர்த் போகும் வழியில் ஜாவாத் தீவின் தெற்கே 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. கீழே கலுங்குங் எரிமலை வெடித்திருந்தது விமானிகளுக்குத் தெரியாது. மழைத் துளியைத் தேடுகிற வானிலை ராடார் இந்த உலர்ந்த நுண்துகளைக் காட்டாது. முன்கண்ணாடியில் நீல ஒளி மினுங்கியது. உள்ளே புகை, கந்தக வாடை. பிறகு நான்கு எஞ்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 263 உயிர்களோடு 747 ஒன்று வெறும் கிளைடராகச் சறுக்கத் தொடங்கியது. பதின்மூன்று நிமிடம் போல அப்படி இறங்கி, சாம்பல் மேகத்துக்குக் கீழே வந்ததும் எஞ்ஜின்கள் மறுபடி பற்றின. காப்பாற்றியதும் அதே இயற்பியல்தான். அணைந்த எஞ்ஜின் குளிர்ந்தது, தகட்டில் ஒட்டியிருந்த கண்ணாடி சுருங்கி வெடித்து உதிர்ந்தது, காற்றுக்கு வழி கிடைத்தது. ஜகார்த்தாவில் இறங்கும்போது முன்கண்ணாடி மணல் போட்டுத் தேய்த்தது மாதிரி மங்கியிருந்ததால் ஓடுபாதையைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

அதன் பிறகு உலகம் வைத்த விதி சுருக்கமானது: சாம்பல் இருந்தால் பறக்காதே. எவ்வளவு சாம்பல் என்று யாரும் கேட்கவில்லை. 2010-இல் மொத்த ஐரோப்பாவும் நின்றபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. எஞ்ஜின் தயாரிப்பாளர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்று ஓர் எண்ணை எழுதினார்கள். வானம் திறந்தது. எரிமலை இன்னும் சாம்பல் வீசிக்கொண்டுதான் இருந்தது! அந்த ஆறு நாளின் முடிவில் மாறியது காற்றைவிட அதிகமாகக் காகிதம் என்றே சொல்ல வேண்டும்.

இன்று உலகில் ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. செய்மதிப் படங்களும் காற்றோட்டக் கணிப்பும் வைத்துச் சாம்பல் எப்போது எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது அவற்றின் வேலை. நம் பக்கத்தில் அந்த வேலை 2025 நவம்பர் 23-இல் வந்தது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹெய்லி குப்பி என்ற எரிமலை, ஆயிரக்கணக்கான ஆண்டு உறக்கம் கலைந்து வெடித்தது. சாம்பல் செங்கடலைத் தாண்டி, யேமன், ஓமான் மேலாக மறுநாள் இரவு வட இந்திய வானத்துக்கு வந்து சேர்ந்தது. ஏர் இந்தியா உட்படச் சில நிறுவனங்கள் விமானங்களை ரத்துச் செய்தன. இருந்தும் கண்டம் தழுவிய கதவடைப்பு எதுவும் நடக்கவில்லை. எந்த உயரத்தில் மேகம், எப்போது கடக்கும் என்று தெரிந்ததால் மேலேயும் கீழேயும் விலகிப் பறந்தார்கள்.

வானம் மூடுவதைவிடக் கொடியது, திறந்த பிறகும் போக முடியாமல் நிற்பது. 1990 ஆகஸ்ட் 2 அதிகாலை ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. லண்டனில் இருந்து குவைத், மெட்ராஸ் வழியாகக் கோலாலம்பூர் போக வேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149, படை நகர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் குவைத்தில் இறங்கியது. அது மெட்ராசுக்கு வரவே இல்லை. பயணிகள் பிணைக் கைதிகளானார்கள், விமானம் பின்னர் அழிந்தது. அப்போது குவைத்தில் ஏறத்தாழ 1 லட்சம் இலங்கையர் இருந்தார்கள். மிகப் பெரும்பாலானோர் வீட்டு வேலைப் பெண்கள். கடவுச்சீட்டு எசமானின் அலமாரியில், எசமான் எங்கோ ஓடிவிட்டார். கிடைத்த வாகனத்தில் பஸ்ரா, பாக்தாத் வழியாக 1,000 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனம் தாண்டி ஜோர்தான் எல்லையில் ருவைஷித் முகாம்களில் வந்து விழுந்தார்கள். அங்கிருந்து குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பு விமானம் பிடித்துக் கொடுத்தது. இந்தியா தன் மக்களுக்கு அம்மானில் இருந்து 59 நாளில் 488 தடவை ஏர் இந்தியாவைப் பறக்கவிட்டது. நாளுக்கு எட்டுத் தடவைக்கு மேல். 1 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் வீடு வந்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் அது இருக்கிறது. அட்டவணையில் காலி இருக்கை தேடியிருந்தால் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ. இப்படிப்பட்ட வரிசைக்கு ஒரே மருந்து, வரிசைக்கு வெளியே இருந்து விமானம் கொண்டுவருவது.

2020-இல் விமானம் இருந்தது, வானமும் இருந்தது, கட்டில் இல்லை. மார்ச் 19 தொடக்கம் கட்டுநாயக்க வருகிற பயணிகளுக்கு மூடப்பட்டது. பிறகு அழைத்து வரத் தொடங்கியபோது வந்தவர் எல்லோரும் 14 நாள் தனிமைப்படுத்தல் முகாமில் இருக்க வேண்டும். ஜோன் லிட்டில் என்பவர் 1961-இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது. உள்ளே இருப்போர் தொகை என்பது, நாளொன்றுக்கு வருவோரை அவர்கள் தங்கும் நாளால் பெருக்கியது. அவ்வளவுதான், கேட்டால் இதற்கு ஒரு விதியா என்றிருக்கும். ஆனால் 1,400 கட்டில் இருந்தால் நாளுக்கு 100 பேருக்கு மேல் ஒருவரையும் கூட்டி வர முடியாது என்பதை அது ஈவிரக்கமின்றிச் சொல்லிவிடும். ஆயிரம் விமானம் தயாராக நின்றாலும் அதே 100 தான். மே மாதம் குவைத்தில் இருந்து வந்தவர்களிடம் தொற்று நிறையக் காணப்பட்டது. ஜூலையில் பொலன்னறுவைப் பக்கத்துக் கந்தக்காட்டு முகாமில் கொவிட் கொத்தணி உருவாகி, கட்டில்கள் உள்நாட்டுக்காரருக்கே தேவைப்பட்டபோது, அழைத்து வரும் விமானங்கள் சில காலம் நின்றுபோயின. பொலன்னறுவைக் காட்டோரத்தில் நிரம்பிய கட்டில், குவைத்தில் தூதரக வாசலில் நின்ற பெண்ணின் பயணத்தை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூன் தொடக்கத்தில் கொழும்பில் அகப்பட்டிருந்த இந்தியர் ஏறத்தாழ 700 பேரை ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு ஏற்றிச் சென்றது. நம் பாட்டன் பூட்டன் கடந்த கடல் மறுபடி ஒரு தடவை உதவியது.

வரிசையின் நெரிசல் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அது இடம் மாறும் என்பது மட்டும் நிச்சயம். 2025 நவம்பர் 28-இல் டித்வா சூறாவளி இந்த நாட்டை உலுக்கியபோது கட்டுநாயக்கவுக்கு வந்த விமானங்கள் மத்தளைக்கும் கேரளத்துக்கும் திருப்பி விடப்பட்டன. ஊவாவுக்குப் போகிறவருக்கு மத்தளை கட்டுநாயக்கவைவிடக் கிட்ட. ஆனாலும் திருப்பி விடப்பட்ட விமானத்தில் இருந்து பெரும்பாலும் இறங்க விடமாட்டார்கள். வீட்டுக்குக் கிட்ட வந்து, உள்ளேயே இருந்து, மறுபடி தூரமாகப் போக வேண்டியதுதான். டுபாயில் இருந்து கொழும்பு மாறி ஊர் போகவிருந்த தமிழ்நாட்டார் உட்பட நூற்றுக்கணக்கான இந்தியர் கட்டுநாயக்கவில் நாட்கணக்கில் முடங்கினார்கள். நிவாரணப் பொருளோடு வந்த இந்திய விமானப்படை விமானங்கள் அவர்களைத் திரும்பும்போது ஏற்றிப் போயின. வரிசைக்கு வெளியே இருந்து வந்த விமானம், இன்னொரு தடவை.

விமான நிலையம் சீக்கிரம் வழமைக்கு வந்தது. ஆனால் மலைநாட்டுக்குப் போகிறவருக்குப் பயணம் கட்டுநாயக்கவில் முடிவதில்லை. தோஹாவில் இருந்து 3,600 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் கடந்து வருபவர், கோட்டையில் இருந்து பதுளைக்கு 290 கிலோமீட்டரை ரயிலில் ஒன்பது பத்து மணி நேரம் வர வேண்டும். பிறகு பசறை பஸ், பிறகு மடுல்சீமை. 1924-இல் பதுளையைத் தொட்ட இந்தப் பாதை, ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம். ஓர் இடத்தில் மண் சரிந்தால் மொத்தமும் துண்டாகும். டித்வாவில் சரிந்தது ஓர் இடமா? 600-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட அந்தப் பேரிடரில் மிகக் கூடுதலாக இழந்த மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. ரயில் நின்றது, வீதிகள் அறுந்தன, போன் வேலை செய்யவில்லை. மாற்று நிலையம் எழுதாமல் விமானத்தைக் கிளப்புவது அபூர்வமான உலகத்தில், ஒரு மாகாணத்துக்கு ஏறுகிற ரயில் பாதைக்கு மாற்று என்ன என்று எந்தத் திட்டத்திலும் எழுதியதாகத் தெரியவில்லை. இது என் புலம்பல், இயற்பியல் இல்லை.

மறுபடி அந்த ஆறு விமானக் கணக்குக்கு வருவோம், ஏனெனில் அதில் நம் கையில் உள்ள ஒரு விஷயமும் இருக்கிறது. ஆறாவது விமானம் வரை காத்திருக்க வேண்டும் என்றோமே தவிர ஆறு நாள் என்பது தினம் ஒரு ஃபிளைட் உள்ள பாதைக்கு மட்டும்தான். தினம் நான்கு ஃபிளைட் உள்ள பாதையில் ஆறு என்பது ஒன்றரை நாள். வாரத்துக்கு மூன்றே உள்ள பாதையில் அது இரண்டு வாரம். ஏஜென்சி எடுத்துத் தருகிற மலிவு டிக்கெட் பல வேளை இந்த இரண்டாவது வகை. இன்னும் மோசம், இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்து ஒட்டுப் போட்ட டிக்கெட். முதல் ஃபிளைட் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், முதல் நிறுவனம் "உன்னை டுபாய் வரை கொண்டுவந்தேன், என் வேலை முடிந்தது" என்று கைகழுவிவிடும். இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராமல் விட்ட ஆள். ஒரே பதிவெண்ணில் இரண்டு ஃபிளைட்டும் இருந்தால் கடைசி ஊர் வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது பதுளை டவுனில் கேட்க வேண்டியவை: வாரத்தில் எத்தனை ஃபிளைட்? இரண்டுக்கும் ஒரே பதிவெண்தானா? மாறுகிற ஊரில் எத்தனை மணி நேரம்? அன்றைக்குப் பிந்திவிட்டால் அன்றே அடுத்தது உண்டா? டிக்கெட் கையில் வந்ததும் அதையும் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் போனில் படம் பிடித்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட வேண்டும். எசமானின் அலமாரியில் கடவுச்சீட்டு பூட்டிக் கிடக்கிற நாளில் தூதரகத்தில் முதலில் கேட்பது அதன் இலக்கத்தைத்தான்.